மேவரிக் ஹைப்ரிட்: மார்க்கப்பைப் பேசிக் குறைப்பதா, ஆர்டர் போட்டுக் காத்திருப்பதா, ஊர் தாண்டிப் போய் வாங்குவதா?

அமெரிக்காவில் விற்பனைக்கு நிற்கும் ஒவ்வொரு புது வண்டியின் கண்ணாடியிலும் ஒரு ஸ்டிக்கர் இருந்தாக வேண்டும். 1958-ல் வந்த சட்டம் அது. கொண்டுவந்தவர் ஒக்லஹோமா செனட்டர் மன்ரோனி. இன்றும் அவர் பெயரில்தான் மன்ரோனி ஸ்டிக்கர் என்கிறார்கள். அதில் இருப்பது ‘இவ்வளவுக்கு விற்கலாம்’ என்று கம்பெனி பரிந்துரைக்கும் எம்.எஸ்.ஆர்.பி. விலை. கிராக்கியான வண்டியாக இருந்தால் பக்கத்திலேயே டீலர் அச்சடித்து ஒட்டிய இரண்டாவது ஸ்டிக்கரும் இருக்கும். ‘மார்க்கெட் அட்ஜஸ்ட்மென்ட்’ என்று கௌரவமான பெயர். கம்பெனி விலைக்கு மேல் டீலர் ஏற்றும் இந்தத் தொகைதான் மார்க்கப். அது 2,000 டாலராக இருக்கலாம், 5,000 டாலராகவும் இருக்கலாம்.

ஃபோர்டு மேவரிக் ஹைப்ரிட் பார்க்கப் போன நண்பர்கள் அந்த இரண்டாவது ஸ்டிக்கரைப் படம் பிடித்து அனுப்பி, கட்டிவிடலாமா என்று கேட்கிறார்கள். (லேப்டாப் தட்டுகிறவனுக்கு எதற்கு பிக்கப் என்று கேட்காதீர்கள். வசந்த காலத்தில் தோட்டத்துக்கு மல்ச் மூட்டை, ஊர்ச் சங்கப் பொங்கல் விழாவுக்கு அண்டா, வாடகை வீடு மாறும்போது மெத்தை என்று காரணங்களுக்குப் பஞ்சமில்லை.) அவர்களுக்குச் சொன்னதை இங்கே கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன்.

## இந்த மார்க்கப் எங்கிருந்து வந்தது

மேவரிக் 2021 ஜூனில் அறிவிக்கப்பட்டபோது ஹைப்ரிட்தான் அடிப்படை மாடல். விலை 19,995 டாலர்; டெலிவரி கட்டணம் தனி. நகருக்குள் காலனுக்கு 42 மைல் போகும் பிக்கப்பை அந்த விலைக்கு அதுவரை யாரும் விற்றதில்லை. மெக்சிகோவின் எர்மோசியோ ஆலையால் ஈடுகொடுக்க முடியவில்லை. 2022 ஜனவரியிலேயே அந்த ஆண்டு மாடலுக்கு ஆர்டர் எடுப்பதை நிறுத்தினார்கள். 2023 மாடலுக்குச் செப்டம்பரில் திறந்த ஆர்டர் ஜன்னலைச் சில நாட்களிலேயே மூடிவிட்டார்கள்.

கம்பெனி ஏன் தடுக்கவில்லை? தடுக்க முடியாது. டீலர் ஃபோர்டின் ஊழியர் இல்லை, தனி முதலாளி. எம்.எஸ்.ஆர்.பி. என்பது பரிந்துரை மட்டுமே. என்ன விலைக்கு விற்பது என்பதை டீலர்தான் முடிவு செய்கிறார். ஃபோர்டு தலைவர் ஜிம் ஃபார்லி 2022 பிப்ரவரியில் இதைப் பற்றிப் பேசினார். டீலர்களில் சுமார் 10 சதவீதம் பேர் ஸ்டிக்கருக்கு மேல் வாங்குகிறார்கள், அவர்கள் யார் என்று தெரியும், அடுத்து வண்டி ஒதுக்கும்போது அது கணக்கில் வரும் என்பது அவர் பேச்சின் சாரம். அந்தப் பேச்சில் வாங்குபவருக்கு உபயோகமான சங்கதி ஒன்று இருக்கிறது. மார்க்கப் போடாதவர்களே பெரும்பான்மை. அவர்கள் உங்கள் வீட்டுப் பக்கத்தில் இல்லை, அவ்வளவுதான்.

2022-ன் வெறி இப்போது தணிந்துவிட்டது. ஆனாலும் புது வடிவம் ஒன்று வரும்போதெல்லாம் இரண்டாவது ஸ்டிக்கர் திரும்ப வருகிறது. 2025 மாடலில் நான்கு சக்கர இயக்கத்தோடு ஹைப்ரிட் முதல்முறையாக வந்தது ஓர் உதாரணம். விண்டர் உள்ள மாநிலங்களில் எல்லோரும் கேட்டுக்கொண்டிருந்தது அதைத்தான்.

## எடைபோடும் முன்: எந்தத் தராசு?

ஒன்று, அவுட் த டோர் விலை. வண்டி விலை, மார்க்கப், டீலர் திணித்த துணைப்பொருள்கள், டாக் ஃபீ (தாள் வேலைக்கு டீலர் வாங்கும் கட்டணம்), வரி, பதிவுக் கட்டணம் எல்லாம் சேர்ந்து சாவி கையில் வரும்போது கொடுக்கும் மொத்தத் தொகை. ஒப்பிட வேண்டியது இதை மட்டும்தான். மாதத் தவணையை வைத்து ஒப்பிட ஆரம்பித்தால் அந்த ஆட்டத்தில் டீலர்தான் ஜெயிப்பார்.

இரண்டு, மார்க்கப்பின் மீதான மார்க்கப். 4,000 டாலர் என்று எழுதியிருந்தால் அது 4,000 அல்ல. நியூ ஜெர்சியில் 6.625 சதவீத விற்பனை வரி அதன் மேலும் விழும், 4,265 ஆகிவிடும். அதையும் கடனில் சேர்த்து 7 சதவீத வட்டியில் 72 மாதம் கட்டினால் மாதம் ஏறக்குறைய 73 டாலர், மொத்தம் 5,235 டாலர். ‘நாலாயிரம்தானே’ என்று மனசைத் தேற்றிக்கொள்பவர்கள் ஐயாயிரத்துக்கு மேல் கொடுக்கிறார்கள்.

மூன்று, திரும்ப வருமா. அடுத்து வாங்குகிறவர் நீங்கள் கொடுத்த மார்க்கப்பைப் பற்றிக் கவலைப்பட மாட்டார். விபத்தில் வண்டி முழுசாகப் போனால் இன்சூரன்ஸ் கொடுப்பது அன்றைய சந்தை மதிப்பைத்தான். கடன் பாக்கி அதைவிட அதிகமாக இருந்தால் வித்தியாசம் உங்கள் தலையில் விழும்.

நான்கு, காத்திருப்பின் விலை. இதை யாரும் கணக்கில் எடுப்பதில்லை. 2022-ல் 19,995 டாலரில் தொடங்கிய ஹைப்ரிட், 2025 மாடல் வெளிவந்தபோது 26,295 டாலரில் தொடங்கியது. நடுவில் பெரிய திரை போன்ற வசதிகள் சேர்ந்தன, உண்மைதான். ஆனால் 6,300 டாலர் ஏற்றத்தில் பெரும்பகுதியைத் திரை விழுங்கியிருக்காது. அதற்கு மேல், 2025 ஏப்ரலில் இறக்குமதி வண்டிகளுக்கு 25 சதவீத வரி வந்ததும், மே மாதம் முதல் தயாரானவற்றுக்கு ஃபோர்டு மெக்சிகோவில் செய்யும் மாடல்களின் விலையை ஏற்றியது. அவற்றில் மேவரிக்கும் ஒன்று. ஆக 2022-ல் 2,000 டாலர் மார்க்கப் கொடுத்து வாங்கியவரைப் பார்த்துச் சிரித்தபடி மூன்று வருடம் காத்திருந்தவர், கடைசியில் அவரைவிட அதிகம் கொடுத்திருக்கிறார்.

ஐந்து, ஒப்பந்தம் நிற்குமா. போனில் சொன்ன விலை வண்டி வந்து இறங்கும் நாளில் அதே விலையாக இருக்க வேண்டும்.

## வழி 1: உள்ளூர் டீலரிடம் பேசிக் குறைப்பது

ரங்கநாதன் தெருவில் பாதி விலைக்குக் கேட்டுவிட்டு நாலு அடி நடந்தால் கடைக்காரர் கூப்பிடுவார். அந்தப் பழக்கத்தோடு ஷோரூமுக்குப் போகாதீர்கள். கிராக்கியான வண்டிக்கு நீங்கள் எழுந்து போனால் யாரும் கூப்பிட மாட்டார்கள். பின்னால் வரிசையில் ஆள் இருக்கிறார் என்று அவர்களுக்குத் தெரியும். அங்கே பேச்சுத்திறமைக்கு மதிப்பில்லை. மதிப்பு இருப்பது கையில் உள்ள இன்னொரு டீலரின் எழுத்துபூர்வமான விலைக்குத்தான். நான் பார்த்தவரை மார்க்கப் குறைந்த இடங்களிலெல்லாம் அது மின்னஞ்சலில் குறைந்திருக்கிறது. மேஜைக்கு எதிரே உட்கார்ந்து குறைத்தவர்கள் குறைவு.

எனவே முதல் வேலை, 200, 300 மைல் சுற்றளவில் உள்ள டீலர்களின் இன்டர்நெட் சேல்ஸ் மேனேஜர்களுக்கு ஒரே கடிதத்தை அனுப்புவது. எந்த ட்ரிம் (ஒரே மாடலில் வசதிக்கேற்ற ரகம்), எந்த எஞ்சின் என்று தெளிவாக எழுதுங்கள். வின் நம்பர் (வண்டியின் தனி அடையாள எண்), ஸ்டிக்கர் விலை, ஸ்டிக்கருக்கு மேல் சேர்த்தவை ஒவ்வொன்றும் தனித்தனியாக, உங்கள் ஜிப் கோடுக்கான அவுட் த டோர் விலை ஆகியவற்றைக் கேளுங்கள். ‘நேரில் வாங்க, பேசிக்கலாம்’ என்று பதில் வந்தால் அந்தப் பெயரை அடித்துவிடலாம். எண் கொடுக்கும் இரண்டு மூன்று பேர் போதும்.

பிறகு உள்ளூர் டீலரிடம் போங்கள். மார்க்கப்பையும் துணைப்பொருள்களையும் பிரித்துக் கேளுங்கள். டயரில் நைட்ரஜன், கண்ணாடியில் வின் எண் பொறித்தது, பெயின்ட் பாதுகாப்பு, ஜி.பி.எஸ். கருவி என்று ஒரு பட்டியல் இருக்கும். ‘ஏற்கெனவே போட்டாச்சு, எடுக்க முடியாது’ என்பார்கள். ‘எடுக்க வேண்டாம், நான் காசு கொடுக்கவும் மாட்டேன்’ என்பது நியாயமான பதில். பெரும்பாலும் முதலில் உதிர்வது இவைதான், ஏனென்றால் டீலருக்கு இவற்றின் அடக்கவிலை மிகக் குறைவு. அசையாமல் நிற்பது மார்க்கப். அங்கே அடுத்த டீலரின் கடிதத்தைக் காட்டுங்கள். பூஜ்யத்துக்கு வராவிட்டாலும் பாதியாகலாம். மாத இறுதியில் போனால் குறையும் என்று ஒரு நம்பிக்கை உண்டு. டீலரின் லாட்டில், அதாவது வண்டிகள் நிறுத்தும் இடத்தில், தூசி படிந்து நிற்கும் வண்டிக்கு அது சரி. வந்த வாரத்திலேயே விற்கும் வண்டிக்கு மாத இறுதியும் மாதத் தொடக்கமும் ஒன்றுதான்.

இந்த வழியில் மறைந்திருக்கும் செலவுகள்தான் அதிகம். மார்க்கப்பை எடுத்துவிட்டதாகச் சொல்லி வட்டியில் வைத்துவிடுவார்கள். வங்கி கொடுக்கும் வட்டிக்கு மேல் டீலர் ஒன்றிரண்டு சதவீதம் ஏற்றிச் சொல்வது இங்கே சகஜம். 30,000 டாலர் கடனுக்கு 72 மாதத்தில் 6 சதவீதத்துக்கும் 8 சதவீதத்துக்கும் வித்தியாசம் 2,000 டாலரைத் தாண்டும். அதனால் போவதற்கு முன்பே கிரெடிட் யூனியனில் (கூட்டுறவு வங்கி மாதிரி) ப்ரீ-அப்ரூவல், அதாவது கடனுக்கு முன் அனுமதி, வாங்கிக்கொள்ளுங்கள். எச்-1பி வேலை விசாவில் இருப்பவர்களுக்கு இது இரட்டிப்பாக முக்கியம்: சில வங்கிகள் விசா முடியும் தேதிக்குள் கடனும் முடிய வேண்டும் என்கின்றன. இது ஃபைனான்ஸ் அறையில் தெரியவந்தால் அங்கே நீட்டும் வட்டிக்குக் கையெழுத்துப் போட வேண்டியதுதான்.

அடுத்த ஓட்டை பழைய வண்டி. மார்க்கப்பைக் குறைத்துவிட்டு ட்ரேட்-இன் விலையையும், அதாவது உங்கள் பழைய வண்டிக்கு டீலர் கொடுக்கும் விலையையும், குறைப்பார்கள். பழைய கார் வாங்கி விற்கும் கார்மேக்ஸில் எழுத்தில் ஒரு விலை வாங்கிக்கொள்ளுங்கள், ஏழு நாள் செல்லும். ஒப்பிடும்போது வரியையும் சேர்த்துப் பாருங்கள். நியூ ஜெர்சி, டெக்சாஸ் போன்ற மாநிலங்களில் ட்ரேட்-இன் மதிப்பைக் கழித்துவிட்டுத்தான் புது வண்டிக்கு வரி. 12,000 டாலர் பெறும் பழைய காருக்கு நியூ ஜெர்சியில் 795 டாலர் வரி மிச்சம். கார்மேக்ஸ் விலை அந்த அளவுக்கு மேல் அதிகமாக இருந்தால்தான் வெளியே விற்பது லாபம். கலிஃபோர்னியாவில் இந்தக் கழிவு கிடையாது, அதனால் அங்கே யார் அதிகம் தருகிறாரோ அவருக்கு விற்றுவிட்டு வேலையைப் பார்க்கலாம்.

நம்மவர்கள் பலர் தவறவிடும் ஒரு கதவும் உண்டு: எக்ஸ்-பிளான். ஃபோர்டோடு தொழில்தொடர்பு உள்ள கம்பெனிகளின் ஊழியர்களுக்கு முன்கூட்டியே நிர்ணயித்த விலை அது. ஃபோர்டில் வேலை செய்யும் நண்பர் ஒருவர் தன் பங்கிலிருந்து பின் நம்பர் கொடுக்கவும் முடியும். அந்த விலைக்கு விற்க டீலர் ஒப்புக்கொண்டால் மேலே மார்க்கப் போட முடியாது. ஒப்புக்கொள்ள வேண்டும் என்று கட்டாயம் இல்லை என்பதுதான் சிக்கல். உங்கள் கம்பெனியின் பெர்க்ஸ் (ஊழியர் சலுகை) பக்கத்தில் பார்த்துவிட்டு, டீலருக்கு எழுதும் முதல் கடிதத்திலேயே கேட்டுவிடுங்கள்.

எப்போது இது சரி: இருக்கும் கார் படுத்துவிட்டது, இந்த வாரமே வண்டி வேண்டும், மார்க்கப் 1,000 டாலர் பக்கம் வந்துவிட்டது. இந்த மூன்றும் சேர்ந்தால் கட்டிவிட்டுப் போங்கள். நிம்மதிக்கும் ஒரு விலை உண்டு, அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

## வழி 2: ஸ்டிக்கர் விலைக்கு ஆர்டர் போட்டுக் காத்திருப்பது

வேண்டிய நிறம், வேண்டிய ட்ரிம், வேண்டாததற்குக் காசில்லை. ஃபோர்டு இன்னும் தனிநபர் ஆர்டரை மதிக்கும் கம்பெனி என்பது மேவரிக் வாங்குகிறவருக்கு அதிர்ஷ்டம். டொயோட்டாவில் இப்படி ஆலைக்கு ஆர்டர் அனுப்பும் வழக்கம் இல்லை. டீலருக்கு ஒதுக்கப்பட்டு வருவதில் ஒன்றைப் பிடித்துக்கொள்ள வேண்டியதுதான்.

ஆனால் ஆர்டர் போவது டீலர் வழியாக. அவருக்கு எத்தனை ஹைப்ரிட் ஒதுக்கீடு, அவர் வரிசையில் உங்களுக்கு முன்னால் எத்தனை பேர் என்பதை வைத்துத்தான் உங்கள் வண்டி எப்போது ஆலைக்குள் நுழையும் என்பது தீர்மானமாகும். வீட்டுக்கு அருகில் மாதம் இரண்டு வண்டி பெறும் சின்ன டீலரைவிட, ஐம்பது மைல் தள்ளி நிறைய விற்கும் பெரிய டீலரிடம் போட்ட ஆர்டர் முன்னால் வரலாம். கேட்க வேண்டிய முதல் கேள்வி அதுதான்: ‘உங்களிடம் நிறைவேறாத ஹைப்ரிட் ஆர்டர் எத்தனை இருக்கிறது? கடந்த சில மாதங்களில் எத்தனை வந்தது?’

இரண்டாவது கேள்வி விலையைப் பற்றியது. வண்டி வந்து இறங்கிய பிறகு ‘சந்தை மாறிவிட்டது’ என்று மார்க்கப் கேட்டால் என்ன செய்வீர்கள்? வேண்டாம் என்று நீங்கள் விலகினால் டீலருக்கு நஷ்டமே இல்லை. அதே வண்டியை மார்க்கப்போடு அடுத்தவருக்கு விற்றுவிடுவார். ஆகவே ஆர்டர் போடும் நாளிலேயே ‘ஸ்டிக்கர் விலை, அதற்கு மேல் எதுவும் இல்லை, டாக் ஃபீ இவ்வளவு’ என்று மேனேஜர் கையெழுத்திட்ட தாள் வேண்டும். அட்வான்ஸ் திரும்பக் கிடைக்குமா என்பதும் அதே தாளில் இருக்கட்டும். சேல்ஸ்மேனின் டெக்ஸ்ட் மெசேஜ் போதாது. அந்த வேலையில் ஆட்கள் அடிக்கடி மாறுவார்கள். நீங்கள் வண்டி எடுக்கப் போகும்போது அவர் ஊரின் மறுகோடியில் வேறு பிராண்டு விற்றுக்கொண்டிருப்பார்.

மூன்றாவது, மாடல் வருடம். 2022-ல் ஆர்டர் போட்ட பலருக்கு அந்த வருட வண்டி கட்டப்படவே இல்லை. ஆர்டர் 2023 மாடலுக்குத் தள்ளப்பட்டது. அதற்குள் பட்டியல் விலையும் ஏறியிருந்தது. ஆர்டர் போட்ட பிறகு விலை ஏறினால் யார் தலையில் என்பதை முன்பே எழுத்தில் வாங்குங்கள். மாடல் வருடத்தின் கடைசி மாதங்களில் போடும் ஆர்டருக்குத்தான் இந்த ஆபத்து அதிகம்.

மறைந்திருக்கும் செலவு வேறொன்றும் உண்டு. இருக்கும் பழைய காரை இன்னும் ஆறேழு மாதம் இழுக்க வேண்டும். அதற்கு நாலு டயர், ஒரு பேட்டரி மாற்ற வேண்டியிருந்தால் அதையும் காத்திருப்பின் கணக்கில் எழுதுங்கள்.

எப்போது இது சரி: ஓடுகிற கார் ஒன்று கையில் இருப்பவர்களுக்கு. என்னைக் கேட்டால் பத்தில் ஏழு பேருக்கு இதுதான் வழி. பொறுமையாக இருப்பதற்கும் மேல் இதில் ஒரு லாபம் உண்டு: ஆர்டர் தாள் பையில் இருந்தால், காத்திருக்கும் நாட்களிலும் உள்ளூர் லாட்டில் ஒரு வண்டி வந்தால் போய்ப் பேசலாம். அப்போது அவசரம் உங்கள் பக்கம் இல்லை. திரும்பக் கிடைக்கும் அட்வான்ஸோடு ஓர் ஆர்டரைப் போட்டுவிட்டு வழி 1-க்குப் போவதுதான் நான் அறிந்த நல்ல பேர உத்தி.

## வழி 3: ஊர் தாண்டிப் போய் வாங்குவது

சின்ன ஊர்களில் பல தலைமுறையாகக் கடை வைத்திருக்கும் டீலர்கள் பலர் மார்க்கப் போடுவதில்லை. ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் வாடிக்கையாளரைப் பார்க்க வேண்டுமே. ஆனால் அவர்களே, கிராக்கியான வண்டியை வெளிமாநிலத்தவருக்கு விற்க மாட்டோம் என்று சொல்வதும் உண்டு. முதல் போனிலேயே கேட்டுவிடுங்கள்.

வரி பற்றி ஒரு தவறான நம்பிக்கை பரவலாக இருக்கிறது. விற்பனை வரியே இல்லாத ஓரிகானில் போய் வாங்கினால் வரி மிச்சம் என்று. இல்லை; எங்கே வாங்கினாலும் பதிவு செய்யும்போது உங்கள் மாநிலத்து வரியைக் கட்டியாக வேண்டும். டீலரே வசூலித்து அனுப்புவாரா, நீங்கள் போய்க் கட்ட வேண்டுமா என்பது மட்டும் ஊருக்கு ஊர் மாறும்.

டாக் ஃபீ விஷயத்தில் மாநிலங்களுக்குள் பெரிய வித்தியாசம். கலிஃபோர்னியாவில் உச்சவரம்பு 85 டாலர், நியூயார்க்கில் 175. ஃப்ளோரிடாவில் வரம்பே இல்லை, ஆயிரம் டாலர் பக்கம் கேட்பது அங்கே சாதாரணம். ‘மார்க்கப் இல்லை’ என்ற ஃப்ளோரிடா விலை பாதி மார்க்கப்பாகவே வந்து நிற்கும்.

கலிஃபோர்னியாக்காரர்களுக்கு ஓர் எச்சரிக்கை. ஓடோமீட்டரில் 7,500 மைலுக்குக் கீழ் உள்ள வெளிமாநில வண்டி கலிஃபோர்னியப் புகைச் சான்று பெற்றதாக இல்லாவிட்டால் அங்கே பதிவு செய்ய முடியாது. எஞ்சின் மூடிக்கடியில் இருக்கும் லேபிளைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லிப் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள்.

வாரண்டி பற்றிக் கவலை வேண்டாம். எந்த ஃபோர்டு டீலரும் பார்த்தாக வேண்டும். ஹைப்ரிட் பாகங்களுக்கு 8 வருடம் அல்லது 1,00,000 மைல். விமான டிக்கெட், ஓர் இரவு விடுதி, பெட்ரோல் சேர்ந்தாலும் 4,000 டாலர் மார்க்கப்பின் பக்கத்தில் வராது. லாரியில் ஏற்றி அனுப்பச் சொன்னால் தூரத்தைப் பொறுத்து ஆயிரத்தைத் தாண்டலாம், அப்போது கணக்கை மறுபடி போடுங்கள்.

எப்போது இது சரி: ஒரு வாரக்கடைசியைக் கொடுக்க முடிந்தவர்களுக்கு. கையெழுத்திட்ட பையர்ஸ் ஆர்டரின் (விலை எழுதிய கொள்முதல் தாள்) பிரதி, வின் நம்பரோடு, மின்னஞ்சலில் வந்த பிறகே டிக்கெட் போட வேண்டும்.

## வழி 4: ஓரிரண்டு வருடம் ஓடியது

இதைச் சுருக்கமாகவே முடித்துவிடலாம், ஏனென்றால் மேவரிக் ஹைப்ரிட் விஷயத்தில் இது பெரும்பாலும் ஏமாற்றம். புதிதுக்கு மார்க்கப் இருக்கும் காலத்தில் பழசின் விலைக்குள்ளும் அதே மார்க்கப் ஒளிந்திருக்கும். பழைய வண்டிக் கடனுக்கு வட்டியும் கூடுதல். வாரண்டி முதல் உரிமையாளர் எடுத்த நாளிலிருந்தே ஓடிக்கொண்டிருக்கிறது.

வாங்குவதென்றால் வின் நம்பரைப் போட்டு என்.எச்.டி.எஸ்.ஏ. என்ற அரசுச் சாலைப் பாதுகாப்பு அமைப்பின் தளத்தில் ரீகால் (பழுது சரிசெய்யக் கம்பெனி திரும்ப அழைத்தது) இருக்கிறதா என்று பாருங்கள். முதல் வருட மேவரிக் ஹைப்ரிட்டின் 2.5 லிட்டர் எஞ்சின் பழுதாகி எண்ணெய் கசிந்தால் தீப்பிடிக்கும் ஆபத்து என்று 2022-ல் ஃபோர்டு திரும்ப அழைத்தது. அந்த வேலை முடிந்திருக்கிறதா என்பது முக்கியம்.

எப்போது இது சரி: ஸ்டிக்கர் விலையைவிட நன்றாகக் கீழே, ரொக்கத்துக்குக் கிடைத்தால்.

## வழி 5: வேறு வண்டி

அதே மேவரிக்கில் 2.0 லிட்டர் எக்கோபூஸ்ட் டர்போ எஞ்சின் இருக்கிறது; அதற்கு மார்க்கப் இல்லாமல் கிடைப்பது எளிது. ஹைப்ரிட்டுக்கு மார்க்கப் கொடுப்பது பெட்ரோல் மிச்சத்துக்காக என்றால் கணக்கைப் போட்டுப் பார்ப்போம். 2022 மாடலுக்கு அரசுச் சுற்றுச்சூழல் அமைப்பான ஈ.பி.ஏ. கொடுத்த எண்படி ஹைப்ரிட் காலனுக்கு 37 மைல், முன்சக்கர இயக்க எக்கோபூஸ்ட் 26. வருடம் 12,000 மைல் ஓட்டினால் வித்தியாசம் சுமார் 137 காலன். காலன் 3.25 டாலர் என்று வைத்தால் வருடம் 446 டாலர். 4,000 டாலர் மார்க்கப்பும் அதன் வரியும் மட்டும் ரொக்கமாகக் கொடுத்தால்கூட ஈடுகட்ட ஒன்பதரை வருடம். கடனில் என்றால் கிட்டத்தட்ட பன்னிரண்டு. தினமும் நகர நெரிசலில் நெடுந்தூரம் போகிறவர் அல்லாமல் மற்றவர்களுக்கு மார்க்கப் போட்ட ஹைப்ரிட் சிக்கனம் ஆகாது.

டொயோட்டாவின் ஹைப்ரிட் பிக்கப்பான டகோமா ஐ-ஃபோர்ஸ் மேக்ஸ் பக்கம் கண் போகும். ஜாக்கிரதை, அது 326 குதிரைத்திறன் கொண்ட வேறு ஜாதி; அங்கே ஹைப்ரிட் என்பது பலத்துக்கு, சிக்கனத்துக்கு அல்ல. டெக்சாஸ் உள்ளிட்ட ஐந்து மாநிலங்களுக்கு டொயோட்டா வண்டிகளை விநியோகிப்பது கல்ஃப் ஸ்டேட்ஸ் டொயோட்டா என்ற தனியார் நிறுவனம். டீலரிடம் வருவதற்கு முன்பே வண்டியில் துணைப்பொருள்கள் ஏறிவிடும். மார்க்கப் ஸ்டிக்கர் இல்லாமலே விலை கூடியிருக்கும்.

கடனில் வாங்குகிறவர்களுக்கு 2025-ல் வந்த வரிச் சட்டத்தால் ஒரு புதுக் கணக்கும் சேர்ந்திருக்கிறது. 2025 முதல் 2028 வரை, சொந்த உபயோகத்துக்கான புது வண்டிக் கடனின் வட்டியில் வருடம் 10,000 டாலர் வரை, வரி கணக்கிடும் வருமானத்திலிருந்து கழிக்கலாம். ஆனால் வண்டி அமெரிக்காவில் அசெம்பிள் ஆகியிருக்க வேண்டும். மேவரிக்கும் டகோமாவும் மெக்சிகோவில் தயாராகின்றன, கிடைக்காது. மிச்சிகனிலும் மிசூரியிலும் கட்டும் ஃபோர்டு எஃப்-150, அலபாமாவில் கட்டும் ஹ்யுண்டாய் சாண்டா க்ரூஸ் ஆகிய பிக்கப்புகளுக்குக் கிடைக்கும். தனி நபருக்கு 1,00,000 டாலர், தம்பதிக்கு 2,00,000 டாலர் வருமானத்துக்கு மேல் இந்தச் சலுகை கரைந்துவிடும். கணவன் மனைவி இருவரும் வேலைக்குப் போகும் பல வீடுகளில் கைக்கு எதுவும் மிஞ்சாது.

## ஒரே பார்வையில்

| வழி | மொத்தச் செலவு | காத்திருப்பு | எங்கே இடிக்கும் | யாருக்கு |
|---|---|---|---|---|
| உள்ளூரில் பேசுவது | அதிகம். மார்க்கப்போடு வரியும் வட்டியும் | இல்லை | ஏற்றிய வட்டி, குறைத்த ட்ரேட்-இன் | வண்டி உடனே வேண்டும் என்பவர் |
| ஆர்டர் | ஸ்டிக்கர் விலை | மாதக்கணக்கில் | வந்த பிறகு மார்க்கப், மாடல் வருட விலையேற்றம் | ஓடும் கார் இருப்பவர் |
| வெளியூர் டீலர் | ஸ்டிக்கர் விலையும் பயணச் செலவும் | சில வாரம் | டாக் ஃபீ, புகைச் சான்று, பதிவு அலைச்சல் | ஒரு வாரக்கடைசி ஒதுக்க முடிந்தவர் |
| ஓடிய வண்டி | ஏறக்குறைய புதிதின் விலை | இல்லை | கூடுதல் வட்டி, குறைந்த வாரண்டி | ரொக்கக்காரர் |
| வேறு எஞ்சின், வேறு வண்டி | பெரும்பாலும் குறைவு | இல்லை | வருடா வருடம் பெட்ரோல் | குறைவாக ஓட்டுபவர் |

## கையெழுத்துப் போடும் அறை

எந்த வழியில் போனாலும் கடைசியில் ஃபைனான்ஸ் அறைதான். நீட்டித்த வாரண்டி, கேப் இன்சூரன்ஸ் (விபத்தில் வண்டி போனால் கடன் பாக்கிக்கும் சந்தை மதிப்புக்கும் உள்ள வித்தியாசத்தைக் கொடுப்பது), பராமரிப்புத் திட்டம் என்று தாள் தாளாக வரும். எதுவுமே சட்டப்படி கட்டாயம் இல்லை. கேப் தேவை என்று தோன்றினால் உங்கள் இன்சூரன்ஸ் கம்பெனியிடமும் கிரெடிட் யூனியனிடமும் விலை கேட்டுவிட்டு வாருங்கள்.

மறைகட்டணங்களைத் தடுக்க, வணிக மோசடிகளைக் கவனிக்கும் அரசு ஆணையமான எஃப்.டி.சி. 2023 டிசம்பரில் ஒரு விதி கொண்டுவந்தது. அமலுக்கு வரும் முன்பே, 2025 ஜனவரியில், ஐந்தாவது வட்டார மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை ரத்து செய்தது. மூன்று நாளுக்குள் திருப்பிக் கொடுக்கலாம் என்று பலர் நம்பும் கூலிங்-ஆஃப் விதி டீலர் கடையில் வாங்கிய புது வண்டிக்குப் பொருந்தாது. ஆகவே ஒப்பந்தத்தின் மொத்தத் தொகையையும் மின்னஞ்சலில் வந்த அவுட் த டோர் எண்ணையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். வித்தியாசம் இருந்தால் எந்த வரியால் வந்தது என்று கேளுங்கள். திருத்திய தாளை அச்சிட்டுக் கொடுக்கும் வரை பேனாவை எடுக்க வேண்டாம்; மாட்டேன் என்றால் அட்வான்ஸைத் திரும்ப வாங்கிக்கொண்டு, பட்டியலில் இரண்டாவதாக இருக்கும் டீலருக்குப் பார்க்கிங்கிலிருந்தே போன் போடலாம்.